அளவறிந்த கை: பேராக் பட்டறைகளில் சுழல்தண்டின் அதிர்வைத் தீர்க்கும் கலை

கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளின் வழியே பேராக்கில் வேரூன்றிய தோட்டப் பொருளாதாரம் பின்னர் பெருமளவில் செம்பனைக்கு மாறிவிட்டபோதிலும், தோட்டங்களின் செம்மண் தடங்களும், மலையடிவாரத்து டுரியான் தோப்புகளுக்கும் பூர்வகுடியினரின் சிற்றூர்களுக்கும் ஏறும் பாதைகளும் மழைக்காலத்தில் இன்றும் சேறாகவே கிடக்கின்றன. இத்தடங்களில் அடிப்பாகம் தட்டாமலிருக்க, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஹைலக்ஸ், லேண்ட் ரோவர், ஜிம்னி போன்ற வண்டிகளை இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ உயர்த்திக்கொள்வோர் உண்டு. அவ்வாறு உயர்த்திய வண்டி சேற்றை எளிதாகக் கடந்தாலும், நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் தரையும் இருக்கையும் நடுங்கத் தொடங்கினால், ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள பட்டறைக்கு வந்து, 'போமன்' என்று மலேசியத் தமிழர் அழைக்கும் பழுதுபார்ப்பவரின் கைக்குச் சேர்கிறது.

கியர்பெட்டியின் விசையை அச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட குழாய், பட்டறை வழக்கில் 'புரொப்பெல்லர் ஷாஃப்ட்', அதாவது சுழல்தண்டு ஆகும். அதன் இரு முனைகளிலும், நான்கு கைகள் கொண்ட சிலுவை வடிவ இரும்பு ஊசி பேரிங்குகளின்மேல் அசையும் 'கிராஸ்' என்னும் இணைப்பு இருப்பதால்தான், அச்சு ஏறி இறங்கினாலும் தண்டு முறியாமல் சுழல்கிறது. ஆயினும் கிராஸ் கோணத்தில் சுழலும்போது, உள்வரும் பக்கம் சீராகச் சுழன்றாலும் வெளிச்செல்லும் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தளர்கிறது. பத்துப் பாகைக் கோணத்தில் சுமார் ஒன்றரை விழுக்காடாக இருக்கும் இவ்வேறுபாடு, இருபது பாகையில் ஆறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. இரு முனைகளின் கோணங்களும் சமமாக இருந்து, இரு கிராஸ்களும் ஒரே நேர்வரிசையில் அமைந்திருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். வண்டியை உயர்த்தும்போதோ இரு கோணங்களும் பெரிதாவதோடு, அச்சும் சற்றே திரும்பிவிடுமானால் அச்சமநிலையும் குலைந்துபோகிறது.

அதிர்வு எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பிரித்தறிவதே இத்தொழிலின் முதல் திறமை. 31 அங்குல டயர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 9 முறை சுற்றுமாயின், டிஃபரன்ஷியலின் பல்விகிதம் 4.1 ஆக உள்ள வண்டியில் சுழல்தண்டு நொடிக்குச் சுமார் 37 முறை சுற்றும். கோணப் பிழையால் எழும் நடுக்கம் அதன் இருமடங்காக, 74 முறை நிகழும். எனவே டயரின் குறை மெதுவான ஆட்டமாகவும், கோணத்தின் குறை உள்ளங்காலில் ஏறும் நெருக்கமான முரலலாகவும் உணரப்படுகின்றன. அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளியும் அதிர்வு நீடித்தால் எஞ்சின்மீது சந்தேகம் நீங்குகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் நடுக்கம் வேறுபட்டால் கோணத்தின்மீது சந்தேகம் வலுக்கிறது.

அடுத்து, தண்டைக் கழற்றுமுன் அதன் சறுக்குமூட்டின் இரு பக்கங்களிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரே கோடு இழுக்கப்படுகிறது. மீண்டும் பூட்டும்போது மூட்டின் பற்கள் இடம் மாறினால், பழுதற்ற தண்டும் அதிரத் தொடங்கும் என்பதே இதற்குக் காரணம். கழற்றிய கிராஸின் மூடியைத் திறக்கும்போது கிரீஸுக்குப் பதிலாகச் செந்நிறத் துருத்தூள் உதிர்ந்தால், ஓடையைக் கடந்தபோது உட்புகுந்த நீர் கிரீஸை அரித்து ஊசிகளைத் தின்றுவிட்டது என்பது தெளிவு. குழாயில் அப்பிய சேறும், உதிர்ந்துபோன சமன்எடைத் தகடும்கூட அதிர்வுக்குக் காரணமாகின்றன.

கோணமானியைத் தண்டு பூட்டப்படும் ஃபிளாஞ்சின் முகத்தில் வைத்து அளக்கும்போது வண்டி சமதரையில், தன் எடை முழுவதையும் சக்கரங்களின்மேல் தாங்கி நிற்க வேண்டும். சக்கரங்கள் தொங்கும் நிலையில் எடுக்கும் அளவு பயனற்றது. அளவு கிடைத்தபின், லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகட்டைச் செருகி அச்சில் தண்டு சேரும் முனையைத் திருப்புவதும், இரு துண்டுத் தண்டாயின் நடு பேரிங்கைச் சற்றே இறக்குவதும் தீர்வுகளாகின்றன. ஒரு முனையில் இரட்டைக் கிராஸ் பொருத்தப்பட்ட தண்டில் மட்டும் விதி மாறுகிறது. அங்கே இரு கோணங்களும் சமமாக இருத்தல் தேவையில்லை, அச்சின் முனை தண்டை நேராக நோக்கி நின்றால் போதும்.

இப்பணியில் பொருளின் விலையைவிட அளவெடுக்கும் நேரமே பெரிது என்றாலும், ரசீதில் கிராஸும் தகடும் இடம்பெறுகின்றன, அந்த நேரம் இடம்பெறுவதில்லை. அளக்காமல் கிராஸை மட்டும் மாற்றினால் தவறான கோணம் புதிய கிராஸையும் தின்றுவிடுகிறது. ஆகவே வண்டியை உயர்த்துவோர், அளப்பதற்குரிய ஒரு மணி நேரத்தைப் போமனுக்குக் கொடுத்து, அதற்குரிய கூலியையும் தனியே கேட்டுக் கொடுத்தல் வேண்டும்.