பருவக் காற்று கொணர்ந்த பண்

இந்துமாக் கடலின் மேற்குக் கரையில் உள்ள ஒரு பெருநகருக்குத் ‘தாருஸ்ஸலாம்’ என்று பெயர். அமைதியின் இல்லம் எனப் பொருள்படும் இப்பெயரைச் சுவர்க்கத்தின் பெயராகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். தான்ஸானியா நாட்டின் அந்நகரில் பணிபுரியும் என் தமக்கை மகனைக் காண 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்றிருந்தேன். “இவ்வளவு தூரம் வந்த மாமா ஸான்ஸிபாரைப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா?” என்று அவன் வற்புறுத்தவே, ஒருநாள் காலையில் இருவரும் கப்பலேறினோம். இரண்டு மணி நேரத்திற்குள் தென்னஞ்சோலைகளும், வெண்ணிற மாளிகைகளும், மினாராக்களும் அடிவானில் எழுந்தன.

கிராம்புத் தீவு என்று புகழ்பெற்ற ஸான்ஸிபாரின் மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். பள்ளிவாசல்களையும் கடைவீதியையும் பார்த்து வரலாம் என்பதே என் எண்ணம். அங்கே ஓர் இசைக் கல்விக்கூடத்தில் அரைநாளைக் கழிப்பேன் என்றோ, அது என் நெஞ்சில் ஆறாத ஒரு குறையை மீண்டும் கிளறிவிடும் என்றோ நான் எதிர்பார்க்கவில்லை.

கல் நகரம்

துறைமுகத்தை ஒட்டிய பழைய நகரை மக்கள் ‘கல் நகரம்’ என்று அழைக்கின்றனர். பவளப் பாறைக் கற்களால் எழுந்த வீடுகள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள். பித்தளைக் குமிழ்கள் பதித்துத் தாமரையும், மீனும், நங்கூரச் சங்கிலியும் செதுக்கிய பெருங்கதவுகள். ஏறத்தாழ ஐம்பது பள்ளிவாசல்கள். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2000ஆம் ஆண்டில் இந்நகரை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்நகரை வளர்த்தது காற்று. வடகிழக்கிலிருந்து வீசும் ‘கஸ்காஸி’ காற்றில் அரபகத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் வந்தன. தென்மேற்கிலிருந்து ‘குஸி’ காற்று எழும்பியதும் அவை திரும்பின. காற்று மாறும் வரை மாலுமிகள் மாதக் கணக்கில் கரையில் தங்கினர். பேரீச்சம்பழமும் துணியும் இறங்கிய துறையில் மொழியும் பழக்கமும் பாட்டும் கூடவே இறங்கின. இத்துறையில் மனிதர்களையும் அடிமைகளாக்கி விற்றனர் என்ற கொடிய உண்மையையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். இவர்கள் அனைவரின் குரலும் கலந்து பிறந்ததே இத்தீவின் ‘தாரப்’ இசை. ‘தரப்’ என்னும் அரபுச் சொல்லுக்கு இசையால் உள்ளம் நெகிழ்ந்து மகிழ்தல் என்பது பொருள்.

கெய்ரோவுக்கு ஒரு மாணவர்

1870 முதல் 1888 வரை ஆண்ட சுல்தான் பர்கஷ் கலையார்வம் மிக்கவர். கடலோரத்தில் ‘பைத்துல் அஜாயிப்’ என்னும் அற்புத மாளிகையை 1883இல் எழுப்பியவரும் அவரே. எகிப்திய இசைக் குழுவினரை அரண்மனைக்கு வரவழைத்த அவர், அத்துடன் நிற்கவில்லை. முஹம்மது இப்ராஹீம் என்பவரைக் கெய்ரோவுக்கு அனுப்பி, கானூன் என்னும் நரம்புக் கருவியைக் கற்றுவரச் செய்தார். ஊர் திரும்பிய அவரிடமிருந்து மற்றவர்கள் கற்றனர். கலையை விலைக்கு வாங்கி மகிழ்வதோடு அமையாமல், கற்றுவர ஆளனுப்பினாரே, அங்கேதான் சுல்தானின் தொலைநோக்கு விளங்குகிறது.

1905இல் ‘இக்வானுஸ் ஸஃபா’ என்ற பெயரில் இசைக் கழகம் ஒன்று தோன்றியது. ‘தூய்மையின் சகோதரர்கள்’ எனப் பொருள்படும் இப்பெயர் பத்தாம் நூற்றாண்டில் பஸரா நகரில் விளங்கிய அறிஞர் குழுவின் பெயராகும். அவ்வறிஞர்கள் எழுதிய 52 நிருபங்களுள் ஒன்று இசையைப் பற்றியது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

அரண்மனையில் அரபு மொழியில் ஒலித்த இப்பாடல்களைச் சாதாரண மக்களின் சுவாஹிலி மொழிக்குக் கொண்டுவந்தவருள் தலையாயவர் ஒரு பெண்மணி. 1880இல் ஃபும்பா என்னும் சிற்றூரில், அடிமைகளாயிருந்தோர் வழியில் பிறந்த சித்தி பின்த் ஸஅத், மண்பானைகளைச் சுமந்து தெருத்தெருவாகக் கூவி விற்றவர். கூவி விற்ற அக்குரல் கலைஞர்களின் செவியை எட்டியது. 1928இல் அவர் கடல் கடந்து நமது பம்பாய்க்கு வந்து சுவாஹிலி மொழியில் இசைத்தட்டுகள் பதிந்தார். அவ்வகையில் கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்களுள் முதல்வராகப் போற்றப்படுகிறார். ஏழைகளின் துயரையும், நீதிமன்றங்களின் பாரபட்சத்தையும் பாடிய அவர் 1950இல் மறைந்தார். அவரது பாட்டைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த ‘பீ கிதூதே’ என்னும் மூதாட்டி, நூறு வயதைத் தாண்டியவர் என்று மக்கள் நம்பும் முதுமை வரை பாடி, 2013 ஏப்ரலில் காலமானார்.

சுங்க மாளிகையில் பாடசாலை

ஆசிரியரும் மாணவரும் நேரில் அமர்ந்து கற்ற கலைக்கு ஒரு பேராபத்து உண்டு. ஆசிரியர் மறைந்தால் அவர் அறிந்த அனைத்தும் அவரோடு கபுரில் அடங்கிவிடும். இத்தீவிலும் அத்தகைய அச்சம் எழுந்தது. மூத்த கலைஞர்கள் ஒவ்வொருவராக மறைய, இளைஞர்கள் மின்விசைப் பலகையில் எளிதில் எழும் ஓசைகளை நாடினர். அந்நிலையில் 2002இல் வகுப்புகளைத் தொடங்கியதே பாய்மரக் கப்பல் நாடுகளின் இசைக் கல்விக்கூடம். ஸான்ஸிபாரில் முறையான இசைக் கல்விக்கென எழுந்த முதல் நிறுவனம் அது. நான் சென்ற நாளில், அது கடலை நோக்கிய பழைய சுங்க மாளிகையில் நடந்து வந்தது. வந்திறங்கிய சரக்குகளுக்குத் தீர்வை வாங்கிய அதே கட்டடத்தில், வந்திறங்கிய இசைக்குப் பாடம் நடந்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றியது.

மரப்படிகளேறி மாடியை அடைந்தோம். ‘கரிபு’ என்று வரவேற்றனர். ஒரு சிறுவன் முதிய ஆசிரியரிடம் ‘ஷிகமூ’ என்று பணிவோடு சொல்ல, அவர் ‘மரஹபா’ என்று பதிலளித்தார். வயதில் மூத்தோரிடம் இவ்வாறு சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவாகும்.

கருவிகளின் பெயர்களைக் கேட்டபோது எனக்கு ஒரே வியப்பு. சரிவகப் பலகையில் எழுபதுக்கும் மேற்பட்ட நரம்புகளைக் கட்டி, மடிமீது வைத்து மீட்டுவது கானூன். நாம் சட்டத்திற்கு வழங்கும் அதே சொல். பேரிக்காயைப் பிளந்தாற்போல் வயிறு பருத்த நரம்புக் கருவி ஊது. வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் புகையும் ஊதின் பெயரும் அதுவே. அரபியில் இரண்டிற்கும் மரம் என்பதே மூலப்பொருள். மூன்றாவது, தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, அதில் ஒரு கழியை நட்டு, ஒற்றைக் கயிற்றைக் கட்டி அதிரச் செய்யும் ஏழைகளின் கருவி. அதன் பெயர் ‘ஸந்தூக்கு’. அச்சொல்லைக் கேட்டதும் நானும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம் ஊரில் ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கைத் தவிர வேறொன்றை நாங்கள் அறிந்ததில்லை. பெட்டி என்னும் ஒரே சொல், ஓரிடத்தில் திருமணக் களிப்புக்கும் மற்றோரிடத்தில் இறுதிப் பயணத்துக்கும் உதவுகிறது!

ஒரு மூலையில் முக்காடிட்ட பெண்ணொருத்தி வயலின் பயின்றாள். மற்றோர் அறையில் வெளிநாட்டு இளைஞர் ஒருவர் தரையில் அமர்ந்து, உள்ளூர்ச் சிறுவனிடம் முரசின் தாளத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். வெளிநாட்டினர் குறுகிய காலம் தங்கிக் கற்பதற்கும் இங்கே வாய்ப்பு உண்டு. பண்பாட்டுப் பரிமாற்றம் என்று மேடைகளில் முழங்குகிறோமே, அது உண்மையில் இப்படித்தான் நிகழ்கிறது போலும். 2004 முதல் பழைய கோட்டையில் நடைபெறும் ‘ஸௌத்தி ஸா புஸாரா’ இசைவிழாவுக்கு ஆப்பிரிக்காவின் பல திசைகளிலிருந்தும் கலைஞர்கள் திரள்கின்றனர். இக்கூடத்தில் பயின்ற இளம்பெண்கள் சிலர், பானை விற்ற சித்தியின் பெயரையே சூட்டி ஓர் இசைக்குழுவைத் தொடங்கி, அயல்நாட்டு மேடைகளுக்கும் சென்று வந்துள்ளனர்.

தயக்கமும் தட்டுப்பாடும்

வாசகர்களில் பலருக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. இசைக் கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. தடுத்தோரும் உளர், வரம்பு கட்டி அனுமதித்தோரும் உளர். அதில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கு இல்லை. அத்தீவின் மக்களுக்கும் அத்தயக்கம் உண்டு. பெண்மக்கள் கருவியேந்தி மேடையேறுவதை விரும்பாத குடும்பங்கள் இருப்பதை அந்த முதிய ஆசிரியரே மறைக்காமல் கூறினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அஸருக்குப் பாங்கு ஒலித்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மீட்டிய விரல்கள் நின்றன. ஆசிரியர் கானூனின் மீது துணியைப் போர்த்திவிட்டு எழுந்தார். நாங்களும் அவரோடு நடந்து, அருகிலிருந்த பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுதோம்.

தயக்கத்தைக் காட்டிலும் பெரிய இடையூறு பணமுடை. வெளிநாட்டுத் தூதரகங்களும் அறநிறுவனங்களும் அளித்த கொடையால் நடந்த கூடம் அது. கொடை குறைந்ததும் தள்ளாடியது. மாதம் ஏறத்தாழ 13 டாலர் கட்டணத்தையும் மாணவருள் பெரும்பாலோரால் செலுத்த இயலவில்லை. 2019இல் கூடத்தை மூடிவிடும் நிலை வந்துவிட்டதாகச் செய்தித்தாள்களில் படித்து வருந்தினேன். நல்லுள்ளங்களின் உதவியால் அது மூடப்படாமல் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், நான் அண்ணாந்து பார்த்து வியந்த பைத்துல் அஜாயிப் அவ்வாறு தப்பவில்லை. 2020 டிசம்பர் 25 அன்று அதன் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. கல்லால் கட்டியதும் காப்பாரின்றி விழும் என்றால், காற்றில் மிதக்கும் பாட்டு எம்மாத்திரம்?

உம்மம்மாவின் மெட்டு

தொழுது திரும்பிய பின் கண்ட ஒரு காட்சிதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கானூனில் ஓர் அடியை மீட்டினாள். ஆசிரியர் தலையசைத்து மறுத்தார். மீண்டும் மீட்டினாள், மீண்டும் மறுத்தார். என் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவர் ஒரு நரம்பின் கீழிருந்த சிறு நெம்பைச் சற்றே தூக்கி, தாமே ஒருமுறை மீட்டிக் காட்டினார். அப்போதுதான் வேறுபாடு விளங்கியது. அரபு இசையில் நம் சுரங்களுக்கு இடையே நுழையும் நுண்சுரங்கள் உண்டு. அவற்றைத் தாளில் குறிக்கலாம். ஆனால் சரியாக ஒலிப்பது எது என்பதைச் செவியறிந்த ஒருவர்தாம் சொல்ல வேண்டும். ஆறாவது முறை சிறுமி மீட்டியபோது ஆசிரியர் புன்னகைத்தார்.

அப்போது மர்ஹூமா என் உம்மம்மாவின் நினைவு வந்தது. இரவில் விளக்கடியில் அமர்ந்து ‘பெண்புத்தி மாலை’யை மெட்டோடு ஓதுவார். சுற்றியமர்ந்த பெண்கள் வரிக்கு வரி தலையசைப்பார்கள். அதில் கருவி ஏதும் இல்லை, குரல் மட்டுமே. நம் புலவர்கள் மசலா, கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து என்று எத்தனை வகை இலக்கியங்களை ஆக்கித் தந்தனர்! ‘ஆயிர மசலா’ அரங்கேறிய ஆண்டு 1572 என்பர். இவற்றுள் பல, படித்து மூடி வைப்பதற்கன்றி, வீட்டுப் பெண்கள் கூடியிருந்து ஓதுவதற்கும் கேட்பதற்கும் பயன்பட்டவை. உம்மம்மா வைத்திருந்த நூல் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. எழுத்து ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவர் ஓதிய மெட்டு எவருக்கும் தெரியவில்லை. என் தாயார் பாதி அறிந்திருந்தார். நான் முதலடியை மட்டும் முணுமுணுக்கிறேன். அதுவும் சரிதானா என்று தலையசைத்துச் சொல்ல ஆளில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. அதில் எதையெதையோ பதிந்தோம். அவரை ஒருநாளும் ஓதச் சொல்லிப் பதியவில்லை.

அச்சு எழுத்தைக் காக்கும். மெட்டைக் காப்பது ஓர் ஆசிரியரும், அவர்முன் அமரும் ஒரு பிள்ளையும். இதைத்தான் ஸான்ஸிபாரின் சுங்க மாளிகையில் நான் கற்றேன். நமக்கு மாளிகை வேண்டியதில்லை. அயல்நாட்டுக் கொடையும் வேண்டியதில்லை. மெட்டறிந்த மூதாட்டி இன்னும் வாழும் வீடு உங்களுடையதாயின், வரும் வெள்ளிக்கிழமை மாலை பேரப் பிள்ளைகளை அவர்முன் அமர்த்துங்கள். கைபேசியில் பதிந்தும் கொள்ளுங்கள். ஆனால் பதிவோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளை பிழையாக ஓதட்டும்; அவர் தலையசைத்துத் திருத்தட்டும். ஆறாவது முறை அவர் முகத்தில் எழும் புன்னகையை நீங்கள் காண்பீர்கள், இன்ஷா அல்லாஹ்.