கையில் வந்த நினைவகம்

ஒரு பொருளை வாங்குதல் எளிது. கடல் கடந்து அதனைப் பழுதின்றிக் கொணர்தலே அரிது. இவ்வுண்மையை எமக்குக் கற்பித்தது ஒரு கணிப்பொறி.

2014ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் பணியாற்றிய எம் காக்காவின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே எம் பாட்டனார் அரபுத்தமிழில் எழுதிய கையெழுத்துச் சுவடியொன்று செல்லரித்துக் கிடந்தது. அதனைப் படமாக்கிக் காக்க விழைந்தோம். சிம் லிம் சதுக்கத்தின் தளந்தோறும் ஏறியிறங்கி, தாய்ப்பலகை, செயலி, வன்தட்டு எனத் தனித்தனியே தேர்ந்து ஒரு மேசைக் கணிப்பொறியை அமைத்தோம். இருநாட்டிலும் மின்னழுத்தம் 230 வோல்ட்டே; செருகியின் வடிவம் மட்டுமே வேறு. பத்து நாட்களில் சுவடி முழுவதும் வன்தட்டில் ஏறியது.

புறப்படும் நாளில் காக்கா, "தம்பி, உள்ளிருக்கும் குளிர்விப்பான் கனமானது; கழற்றித் தனியே கட்டு. வன்தட்டைக் கையோடு கொண்டு போ" என்றார். வன்தட்டைக் கைப்பையில் வைத்தோம். குளிர்விப்பானைக் கழற்றச் சோம்பினோம்.

சரக்கில் அனுப்பிய பெட்டி மூன்று வாரங்கழித்து வந்தது. அசைத்தால் கலகலவென்று ஓசை! பிய்ந்து விழுந்த குளிர்விப்பான் தாய்ப்பலகையைச் சிதைத்திருந்தது. பிழை எம்முடையதே. கல்லூரிக் கணிப்பொறியொன்றில் வன்தட்டை இணைத்தோம். பாட்டனாரின் எழுத்துகள் திரையில் தோன்றின. அச்சுவடியின் ஏடுகளோ இன்று தொட்டால் உதிர்கின்றன.

மாணவச் செல்வங்களே! தாய்ப்பலகைக்கு மாற்று கடையில் உண்டு. அழிந்த எழுத்துக்கு மாற்று எங்குமில்லை. கனமானதைக் கழற்றிக் கட்டுங்கள். அரியதைக் கையில் ஏந்துங்கள். அதற்கும் ஒரு படியெடுத்து வீட்டில் வைத்துப் புறப்படுங்கள்.