கே.டி.எச். எஞ்சினும் நாலு செப்பு வாஷரும்

இலங்கையில் "ஹயஸ்" என்று சொன்னால் எந்த ஹயஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். "கே.டி.எச்." என்று சொல்லிப் பாருங்கள், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பள்ளிக்கூட வான், கல்யாண வான், கட்டுநாயக்காவுக்கு ஆளேற்றப் போகிற வான், யாழ்ப்பாணம்-கொழும்பு இரவு ஓட்ட வான்... எல்லாம் அதுதான். ஆனால் அந்த மூன்று எழுத்தும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதை ஓட்டுகிறவர்களிலேயே பலர் சிரித்து மழுப்பிவிடுவார்கள்.

விடயம் சின்னதுதான். டொயோட்டாவின் குறியீட்டில் முன்னுக்கு நிற்பது எஞ்சின் குடும்பத்தின் பெயர். கே.டி. என்பது எஞ்சின், எச் என்பது ஹயஸ். அதாவது இந்த வானுக்கு ஊர் வைத்த பெயரே அதன் எஞ்சினின் பெயர்தான். அப்படிப் பெயர் வாங்கிய எஞ்சினை "சாகாத எஞ்சின்" என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சுத்தான் பல கே.டி.எச். எஞ்சின்களின் உயிரையே எடுத்திருக்கிறது. எப்படி என்று கேட்கிறீர்களா? முதலில் எஞ்சினைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அங்கே போவது நல்லது.

எஞ்சினின் சாதகம்

2004 ஓகஸ்டில் ஜப்பானில் இந்த வடிவ ஹயஸ் வந்தபோது டீசல் ரகத்தில் இருந்தது 2கேடி-எப்டிவி என்ற எஞ்சின். 2494 சி.சி., 109 குதிரைவலு. கே.டி.எச். 200 என்று புத்தகத்தில் இருப்பது இதுதான். 2007 இல் அதன் இடத்துக்கு அண்ணன்காரன் 1கேடி-எப்டிவி வந்தான். அவன் 2000 ஆம் ஆண்டிலேயே லாண்ட் குரூசர் பிராடோவில் ஓடிப் பழகியவன். கே.டி.எச். 201 என்றால் அந்த எஞ்சின். அவனுடைய சாதகம் இது:

- நாலு சிலிண்டர், 2982 சி.சி.
- சிலிண்டர் விட்டம் 96 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 103 மி.மீ.
- இரும்பு புளொக், அலுமினிய ஹெட், மேலே இரண்டு கேம் சாப்ட், 16 வால்வு
- டேர்போவும் இன்டர்கூலரும்
- டென்சோவின் கொமன் ரெயில் டீசல் முறை
- 2007 ஹயஸில் 3400 சுற்றில் 136 குதிரைவலு, 1200 சுற்றிலேயே 300 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை

கடைசி வரியைத்தான் சாரதிமார் காலால் படித்திருக்கிறார்கள். 1200 சுற்று என்பது எஞ்சின் அப்போதுதான் சோம்பல் முறித்து எழும்புகிற வேகம். அந்த வேகத்திலேயே முழு இழுவையும் கிடைக்கிறது. பதின்நாலு பேரும் கூரையில் சாமானும் ஏசியுமாகக் கடுகண்ணாவ ஏற்றத்தில் கே.டி.எச். முனகாமல் ஏறுவதன் இரகசியம் இதுதான்.

இதற்கு முன் இதே வேலையைச் செய்தது "டொல்பின்" என்று ஊர் பெயர் வைத்த பழைய ஹயஸ். அதில் பெரும்பாலும் 3எல் எஞ்சின். 2779 சி.சி., டேர்போ இல்லை, கொம்பியூட்டர் இல்லை. ஒயில் கறுத்தாலும் ஓடும், டீசலில் தண்ணீர் கலந்தாலும் கொஞ்சம் இருமிவிட்டு ஓடும். புகை தள்ளுவது தவிர அதற்கு வேறு கெட்ட பழக்கம் இல்லை! டொல்பினில் தொழில் பழகிய சாரதியும் கராஜ் பாஸும் அதே மனதோடுதான் கே.டி.எச்.சுக்கு வந்தார்கள். ஆனால் இது வேறு சாதி எஞ்சின்.

எவ்வளவு வேறு? வான் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் மூன்று பார் அளவு. கொமன் ரெயில் குழாய்க்குள் டீசலின் அழுத்தம் 1600 பார் வரை போகும். டயரைப்போல ஐந்நூறு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் எவ்வளவு டீசலை எந்தக் கணத்தில் தெளிப்பது என்று முடிவெடுப்பது கொம்பியூட்டர். தெளிப்பது இன்ஜெக்டர்.

அந்த வாஷர்

ஒவ்வொரு இன்ஜெக்டரின் அடியிலும் ஒரு செப்பு வாஷர் இருக்கிறது. ஒரு விரல் நுனியில் வைக்கலாம். நாலு சிலிண்டருக்கு நாலு. அதன் வேலை, உள்ளே எரிகிற வாயு மேலே தப்பிவராமல் அடைத்துப் பிடிப்பது. டேர்போ டீசலில் எரியும் நேரத்து அழுத்தம் நூறு பாருக்கு மேல். 3000 சுற்றில் ஓடும்போது ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 1500 தடவை வெடிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த அடியைத் தாங்குவது இந்தச் சின்ன வளையம்.

வருடக்கணக்கில் அடி வாங்கினால் எதுவும் தளரும்தானே. வாஷர் தளர்ந்ததும் எரிந்த வாயு அதன் ஓரத்தால் கசியத் தொடங்கும். வேறு சில எஞ்சின்களில் அது வெளியே கசிந்து "புஸ் புஸ்" என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்த எஞ்சினில் இன்ஜெக்டரின் அடிப்பாகம் வால்வு மூடிக்கு உள்ளே இருக்கிறது. கசிந்த கரியும் வாயுவும் போய்ச் சேருவது ஒயிலுக்குள். ஆகவே வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் இழுக்கும், டீசலும் கூடக் குடிக்காது, எல்லாம் நல்லபடி.

உள்ளே நடப்பது வேறு. கரி ஒயிலோடு சேர்ந்து தார்போல் இறுகுகிறது. துண்டு துண்டாக உடைந்து கீழே சம்பில் விழுகிறது. சம்பில் ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கும். கரித்துண்டுகள் அந்தச் சல்லடையை மெல்ல மெல்ல அடைக்கின்றன. ஒருநாள் ஒயில் பம்ப் உறிஞ்சுகிறது... ஒயில் வரவில்லை. கிராங்க் சாப்ட் பேரிங்கும் டேர்போவும் காய்ந்து சுற்றுகின்றன. மிச்சக் கதை சில நிமிடங்கள்தான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். ஒயில் போகும் பாதையில் முதலில் சல்லடை, பிறகு பம்ப், அதற்குப் பிறகுதான் பில்டர். "ஒவ்வொரு ஐயாயிரத்துக்கும் ஒயிலும் பில்டரும் மாத்துறன், என்ர எஞ்சினுக்கு என்ன வரப்போகுது?" என்று சொல்கிறவர் மாற்றுவது பம்புக்குப் பின்னால் இருப்பதை. அடைபடுவது முன்னால் இருப்பது! அதைப் பார்க்கச் சம்பைக் கழற்றவேண்டும். சம்பை யார் கழற்றுகிறார்கள்?

அறிகுறி இல்லாமலா?

இருக்கிறது. கராஜ்களில் வழக்கமாக நடக்கிற உரையாடல் இப்படித்தான் போகும்:

"அண்ணை, காலமை ஸ்டார்ட் பண்ணேக்க சக் சக் எண்டு ஒரு சத்தம் வருது. சூடானாப் பிறகு இல்லை."

"டீசல் வான் சத்தம் இல்லாமல் ஓடுமே தம்பி? ஒயிலை மாத்திப்போட்டு ஓடு."

அந்தக் "காலமைச் சத்தம்" பெரும்பாலும் வாஷரின் குரல். உலோகம் சூட்டில் விரிந்ததும் இடைவெளி குறைந்து சத்தம் அடங்கிவிடும். சத்தம் அடங்கியதும் சாரதியின் சந்தேகமும் அடங்கிவிடும். வேறு அறிகுறிகளும் உண்டு:

1. எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தால் வழக்கத்தை விட அதிகமாக வாயு குப் குப் என்று அடிக்கும்.
2. புது ஒயில் ஊற்றிக் கொஞ்ச நாளிலேயே கட்டிபடும், மூடியின் அடியில் தார் போல் ஒட்டும்.
3. காலையில் ஒயில் விளக்கு அணைய வழமையை விட ஒன்றிரண்டு செக்கன் கூட எடுக்கும்.

மூன்றாவது வந்துவிட்டால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஓடும்போதே அந்தச் சிவப்பு விளக்கு மினுங்கினால் "அடுத்த டவுனில் பார்ப்பம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓரம் கட்டி எஞ்சினை நிற்பாட்ட வேண்டியதுதான். அந்த விளக்கு எச்சரிக்கை அல்ல, ஏறக்குறைய மரண அறிவித்தல்.

இன்னொன்று. கரி பிடித்த எஞ்சினுக்குள் "பிளஷ்" திரவம் ஊற்றிக் கழுவுவது சிலரின் வைத்தியம். மேலே ஒட்டியிருந்த கரி எல்லாம் ஒரே நேரத்தில் கழன்று கீழே சல்லடைக்குத்தான் போகும். சம்பைக் கழற்றாமல் செய்யும் அந்தக் குளிப்பாட்டல் கடைசிக் குளிப்பாட்டலாக முடியலாம்.

மற்ற நோய்கள்

வாஷர் மட்டும்தான் வில்லன் என்றில்லை. கே.டி.எச். வைத்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டியவை இன்னும் சில:

டைமிங் பெல்ட்: ஜப்பானியக் கணக்கில் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நேரம் வந்ததும் டாஷ்போட்டில் ஒரு விளக்கு வரும். ஆனால் அந்த விளக்கு நம்பி இருப்பது மீற்றரை. மீற்றரைத் திருப்பி விற்ற வானில் விளக்கும் சேர்ந்தே பொய் சொல்லும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

பம்பிலுள்ள கட்டுப்பாட்டு வால்வு: கராஜ் பாஷையில் "எஸ்.சி.வி." உயரழுத்தப் பம்புக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று தீர்மானிப்பது. அழுக்கும் தண்ணீரும் கலந்த டீசலால் இது இறுகும். நின்ற இடத்தில் எஞ்சின் ஏறி இறங்கி மூச்சு வாங்கும், காலை எடுத்ததும் சில நேரம் நின்றுவிடும். வால்வு மட்டும் மாற்றினால் சரியாகக்கூடிய இந்த வருத்தத்துக்கு முழுப் பம்பையே மாற்றிக் காசைக் கரைத்தவர்கள் உண்டு.

சொட்டுகிற இன்ஜெக்டர்: தெளிக்க வேண்டியது சொட்டத் தொடங்கினால் பிஸ்டன் தலையில் ஒரே இடத்தில் நெருப்பு எரியும். நாளடைவில் பிஸ்டன் வெடிக்கும். ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொம்பியூட்டர் செய்யும் திருத்தத்தைப் பார்த்தால் எந்த இன்ஜெக்டர் கள்ளன் என்று முன்கூட்டியே பிடிக்கலாம்.

ஈ.ஜி.ஆர். கரி: பள்ளிக்கூட வாசலில் ஏசியோடு மணிக்கணக்கில் ஓடவிட்டு நிற்கும் வான்களுக்கு இது கூட. உள்ளிழுக்கும் குழாயே கரியால் ஒடுங்கிவிடும். கறுப்புப் புகை, இழுவைக் குறைவு.

யாருக்கு நட்டம்?

இது வெறும் இரும்பின் கதை அல்ல. இலங்கையில் ஒரு கே.டி.எச். என்பது பல இடங்களில் ஒரு குடும்பத்தின் முழு வருமானம். லீசிங்கில் எடுத்து, ஹயர் ஓடி, மாதம் தவறாமல் கட்டி, மிச்சத்தில் அடுப்பெரிக்கும் குடும்பம். எஞ்சின் இறுகினால் ஹயர் நிற்கும். லீசிங் நிற்குமா?

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 வரை முழுதாகத் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பழைய வான்களின் விலை ஏறியது, வயதும் ஏறியது. ஜப்பானில் 2017 இன் கடைசியிலேயே ஹயஸ் டீசல் 1ஜீடி என்ற அடுத்த எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஆக அங்கிருந்து வந்து இன்று ஓடுகிற கே.டி.எச். எல்லாம் இளமை கடந்தவைதான். முதல் வாஷரோடேயே இன்னும் ஓடுகிறவை எத்தனையோ!

பரிகாரம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. டைமிங் பெல்ட் மாற்றுகிற அன்றே நாலு வாஷரையும் மாற்றி, சம்பைக் கழற்றிச் சல்லடையையும் பார்த்துவிடுவது. இன்ஜெக்டரை எப்போது கழற்றினாலும் பழைய வாஷரைத் திரும்பப் போடாமல் புதிது போடுவது. பழைய வான் வாங்கப் போகிறீர்களா? விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவைத்து, குளிர்ந்த எஞ்சினைக் காலையில் உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேளுங்கள். போகும்போது எஞ்சின் ஏற்கனவே சூடாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கே.டி.எச்.சில் எஞ்சின் இருப்பது முன் ஆசனங்களுக்கு அடியில். பார்க்க வேண்டுமென்றால் ஆசனத்தைத் தூக்கவேண்டும். தினமும் பத்து மணித்தியாலம் அதன் மேலேயே உட்கார்ந்து பிழைக்கிறவர், வருடத்தில் ஒருமுறை எழும்பி அதைத் தூக்கிப் பார்த்தால் போதும். இந்த எஞ்சின் நல்ல எஞ்சின்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் "சாகாது" என்று சொல்லாமல் "கவனித்தால் சாகாது" என்று சொல்லிப் பழகுவது எல்லாருக்கும் நல்லது.