நிலத்தின் கீழ் இரண்டு இரவுகள்

இவ்வாண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். ஊர், தூரம், வரலாறு ஆகியவற்றை மாணவர்க்குப் பயன்படும் வகையில் எழுதினாற் போதும் என்பது அவர்களது விருப்பம். அவ்வாறே எழுதி முடித்து மனைவியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "இது புவியியல் புத்தகம் மாதிரிக் கிடக்கு. நடந்ததை எழுதுங்கோ" என்று திருப்பித் தந்துவிட்டார். ஆகவே பின்வருவது இரண்டாம் முறை எழுதியது. அவருடைய அனுமதியுடனேயே எழுதப்படுகிறது.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எமது திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு நிறைவெய்தியது. இப்பள்ளியில் எட்டு ஆண்டுகள் தமிழ் பயின்று, இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள், தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் எமக்கொரு பரிசு தந்தாள். தென் அவுஸ்திரேலியப் பாலைவனத்திலுள்ள கூபர் பீடி என்னும் ஊரில், நிலத்துக்கடியிற் குடைந்தமைத்த விடுதியில் இரண்டு இரவுகள் தங்குவதற்கான பதிவுச்சீட்டு அது. "நீங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் இப்படி ஓரிடத்தில் தங்கியிருக்க மாட்டீங்கள்!" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். மனைவி புன்னகைத்தார். அந்தப் புன்னகையை அன்றே நான் சரியாகப் படித்திருக்க வேண்டும். ஊரின் பெயரைக் கேட்ட என் தமையனார், "பீடி சுத்துற ஊரோ?" என்று தொலைபேசியிற் கேட்டுச் சிரித்ததில் நானும் சேர்ந்து சிரித்தேன், அவ்வளவுதான்.

மெல்பேர்ணிலிருந்து அடிலெயிட் 700 கிலோமீற்றருக்கும் மேல். அங்கு உறவினர் வீட்டில் ஓரிரவு தங்கிவிட்டு, விடியுமுன் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். கூபர் பீடி அங்கிருந்து ஏறத்தாழ 850 கிலோமீற்றர். போர்ட் ஒகஸ்ரா என்னும் நகரைக் கடந்தபின் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை தொடங்குகிறது. 1861, 1862ஆம் ஆண்டுகளில் இக்கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து மீண்ட ஜோன் மக்டூவல் ஸ்டூவர்ட் என்பவரின் பெயர் அது. அதன்பின் மரமில்லை, வீடில்லை. ஐம்பது மீற்றருக்கும் மேல் நீண்ட சரக்கு வண்டிகள் எதிரே வரும்போது எமது கார் காற்றில் ஒருமுறை அசைந்து அடங்கும். வழியில் ஹார்ட் ஏரி என்ற உப்பேரி வெண்ணிறமாய்ப் பரந்து கிடந்தது. மனைவி இறங்கி நின்று நெடுநேரம் பார்த்தார். "ஆனையிறவு மாதிரி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாலை நான்கு மணியளவில் ஊரை அடைந்தபோது வெயில் நாற்பது பாகையை நெருங்கியிருந்தது. தூரத்தே பார்த்தால் பெருங்கறையான்கள் புற்றெடுத்த வெளி போலிருந்தது. ஒவ்வொரு குவியலும் ஒரு சுரங்கக் குழியிலிருந்து வெளியேற்றிய மண். 1915ஆம் ஆண்டில் பொன் தேடி வந்த ஒரு சிறு குழுவினர் இங்கு முகாமிட்டிருந்தனர். அவர்களுள் பதினான்கு வயதுச் சிறுவனான வில்லி ஹட்சிசன், தண்ணீர் தேடிச் சென்ற இடத்தில் ஓப்பல் கற்களைக் கண்டெடுத்தான். (நமது எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கவனிக்க: தண்ணீர் தேடிப் போன பிள்ளையின் கண்ணில்தான் ஓர் ஊரே பட்டது.) முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட படையினர் பலர் பின்னர் இங்கு கல்லகழ வந்தனர். பதுங்குகுழிகளில் வாழ்ந்து பழகிய அவர்கள்தாம் வெயிலுக்குத் தப்ப நிலத்தைக் குடைந்து குடியிருக்கும் வழக்கத்தைத் தொடக்கினர் என்பர். ஊர்ப் பெயரும் இம்மண்ணின் ஆதிக்குடிகளின் மொழியில் வந்ததே. 'வெள்ளையரின் குழி' என்று அதற்குப் பொருள் கூறுவர்.

இந்தப் பதுங்குகுழிச் செய்தியை நான் வழிநெடுகக் காரில் உற்சாகமாக மனைவிக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாயிருக்கிறது.

விடுதியின் முகப்பு ஒரு குன்றின் பக்கத்திற் பதிந்திருந்தது. படியிறங்க வேண்டியதில்லை, தெருமட்டத்திலேயே நேராகக் குன்றினுள் நடந்து செல்லலாம். உள்ளே சென்றதும் வெயில் யாரோ கதவடைத்தாற்போல நின்றுவிட்டது. வெளியே எவ்வளவு எரித்தாலும், குளிர்கால இரவில் எவ்வளவு குளிர்ந்தாலும், உள்ளே 23 முதல் 25 பாகைக்குள் நிற்கும், குளிரூட்டி தேவையில்லை. சுவர்கள் இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த மணற்கல். குடைந்த இயந்திரத்தின் பற்கள் வட்டம் வட்டமாய்ப் பதிந்த தடம் அப்படியே இருந்தது. மண் உதிராதிருக்க மேலே பளபளப்பான பூச்சுப் பூசியிருந்தனர். கட்டில், மேசை, குளியலறை யாவும் உண்டு. இல்லாதது ஒன்றுதான்.

"சன்னல் ஒண்டும் இல்லையே?" என்றார் மனைவி.

விடுதிக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். இளமையில் யூகோஸ்லாவியாவிலிருந்து ஓப்பல் தேடி வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கூரையில் ஒரு மூலையைக் காட்டினார். அங்கு சிறு வட்டத் துவாரம் ஒன்று குன்றின் உச்சிவரை சென்றது. காற்று அதனூடாக வருமாம். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, நிலத்துக்கு மேலும் ஓர் அறை இருப்பதாகவும், விரும்பினால் மாற்றித் தருவதாகவும் அவராகவே சொன்னார். நான் காணாததை அந்த முதியவர் ஒரு நொடியிற் கண்டுகொண்டார். "வேண்டாம், பிள்ளை காசு கட்டினது" என்று என்னிடம் தமிழிற் சொன்னார் மனைவி.

இவ்விடத்தில் ஒன்றைக் கூற வேண்டும். நான் 1988இல் ஊரைவிட்டு வெளியேறியவன். மனைவி 1996 வரை அங்கிருந்தவர். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு வளவில் பங்கர் வெட்டிய கதை, மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட கதை, மாரியில் அதற்குள் முழங்கால் அளவு தண்ணீரும் தவளையும் நின்ற கதை, மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தல் விளக்கில் தம்பி படித்த கதை — இவை யாவும் எனக்குத் தெரியும். மனைவி சொன்னவைதாம். எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவை. வீட்டுக்கு வரும் விருந்தினருக்கு அவற்றை நானே பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன், ஏதோ நானும் அந்தக் குழிக்குள் இருந்தவன் போல.

அன்றிரவு விளக்கை அணைத்தேன். அந்த இருளை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அமாவாசை இருட்டிலும் சிறிது நேரத்தில் கண் பழகிவிடும், இங்கு பழகவில்லை. கையை முகத்துக்கு முன் பிடித்தாலும் கை இல்லை. சத்தமும் இல்லை. "குளியலறை லைற்றைப் போட்டு விடுங்கோ" என்றார். போட்டுவிட்டு வந்து படுத்து, நீண்ட தூரம் கார் ஓட்டிய களைப்பில் உறங்கிப்போனேன்.

விழித்தபோது பக்கத்தில் ஆளில்லை. அறைக்கதவு திறந்திருந்தது. மனைவி வாசற்படியில், முதுகை நிலையிற் சாய்த்து, முகத்தை வெளித் தாழ்வாரத்தின் பக்கம் வைத்து அமர்ந்திருந்தார். நேரம் இரண்டே கால்.

"மேலை அறைக்குப் போவமோ?" என்று கேட்டேன். தலையசைத்து மறுத்தார். பிறகு, நான் கேளாமலே சொல்லத் தொடங்கினார்.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. அம்மம்மாவுக்கு முழங்கால் வாதம். பங்கருக்குள் இறங்க மாட்டார். விமானச் சத்தம் கேட்டதும் அம்மம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உள்ளே இறக்குவது மூத்த பேர்த்தியின் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் அம்மம்மா, "நீ போ பிள்ளை, எனக்கென்ன" என்பார். ஒவ்வொரு முறையும் இவர் விடாமல் இழுத்து வருவார். 1990 ஆவணியில் ஒருநாட் காலை, விமானம் வழமையைவிடத் தாழ வந்தது. அம்மம்மா வழமைபோல "நீ போ" என்றார். இவர் போய்விட்டார்.

"அண்டைக்கு மட்டும் நான் இழுக்கேல்லை. ஓடி உள்ளுக்குப் போயிட்டன்."

குண்டு பக்கத்து ஒழுங்கையில் விழுந்தது. பங்கருக்குள் மண் கொட்டியது, விளக்கு அணைந்தது. விமானம் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்த பின்னரும் இவர் எழும்பவில்லை. வெளியே வந்தால் விறாந்தையைப் பார்க்க வேண்டுமே என்ற பயம். பத்து நிமிடமோ, இருபது நிமிடமோ அந்த இருட்டில் இருந்தாராம். பத்து வயதுத் தம்பிதான் முதலில் ஏறிப் போனான். அம்மம்மா விறாந்தையில் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். தலையிலிருந்து கால்வரை ஓட்டுத் தூசி, காயமில்லை. இவர் கடைசியாக மேலே வந்தபோது, "அடுப்பிலை உலை கொதிக்குது, போய்ப் பார் பிள்ளை" என்றாராம்.

"அதுக்குப் பிறகு நாலு வருஷம் இருந்தவ. ஒருநாளும் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை அப்படித்தான் செய்திருக்கும் என்று தொடங்கினேன். "அது எனக்குத் தெரியும்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஆகவே நானும் எழுந்து சென்று, நிலையின் மறுபக்கத்திற் சாய்ந்து அமர்ந்தேன். விடியும்வரை அப்படியே இருந்தோம். குன்றினுள் விடிவது தெரியாது. தாழ்வாரத்தின் கோடியிலிருந்த கண்ணாடிக் கதவு சாம்பல் நிறமாகி, பின் சிவந்தபோதுதான் தெரிந்தது.

மறுநாள் பார்த்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுரங்க அருங்காட்சியகத்தில் ஓப்பலின் தன்மையை விளக்கினார்கள். அது நீர் கலந்த சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறி நிறங்கள் தோன்றுகின்றன. அடுக்கு ஒழுங்கற்றிருந்தால் நிறமில்லை, அதற்கு விலையுமில்லை. வயல்வெளியில் வீட்டுத் தூசியுறிஞ்சியைப் போன்ற, ஆனால் லொறியளவு பெரிய இயந்திரம் ஒன்று குழியிலிருந்து மண்ணை உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தது. புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்தைக் கண்டோம். ஆடுவோர் செயற்கைப் புற்றுண்டு ஒன்றைக் கையிற் காவித் திரிந்து, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கின்றனர்! ஊருக்கு வெளியே, செம்மறி மேயும் தென்பகுதியைக் காட்டுநாய்களிடமிருந்து காக்க ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர் நீளத்துக்கு இடப்பட்ட வேலியையும் பார்த்தோம். செர்பியர்கள் நிலத்தடியிற் குடைந்த தேவாலயத்துக்குள் மனைவி தயங்காமல் சென்றார். சுவரிற் செதுக்கிய உருவங்களை நின்று பார்த்தார். கூரை உயரமாயிருந்ததே காரணமென்று பின்னர் சொன்னார்.

வழியெங்கும் அறிவிப்புப் பலகைகள்: ஓடாதீர், பின்னோக்கி நடவாதீர், மூடப்படாத குழிகள் உள்ளன. ஒரு படத்தில் மனிதனொருவன் பின்புறமாகக் குழியில் விழுந்துகொண்டிருந்தான்.

பொதுமக்கள் கல் தேடுவதற்கென ஊரில் ஓரிடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். கழித்த மண்குவியலைக் கிளறி யாரும் தேடலாம், கிடைத்தது அவரவர்க்கே. நான் அரைமணியில் களைத்துப் போய்க் காரில் ஏறிவிட்டேன். மனைவி தொப்பியுடன் இரண்டு மணிநேரம் குந்தியிருந்து தேடினார். கடைசியில் நகத்தளவில் ஒரு துண்டு கொண்டுவந்தார். பெரும்பகுதி பால்நிறம், விலையில்லாதது. ஓர் ஓரத்தில் மாத்திரம் திருப்பினால் பச்சை மின்னிற்று.

மாலையில், மேலறையைக் கேட்கப் போகிறேன் என்றேன். "இண்டைக்கும் உள்ளுக்கேயே படுப்பம். கதவு திறந்து கிடக்கட்டும்" என்றார். விடுதிக்காரரிடம் அதைச் சொன்னபோது அவர் காரணம் கேட்கவில்லை. உள்ளே சென்று கனமான ஒரு சுரங்கக் கல்லைத் தூக்கி வந்து கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் போனார். அன்றிரவு மனைவி உறங்கினார். நான்தான் உறங்கவில்லை, தாழ்வார விளக்கு நேராக என் கண்ணில் விழுந்தது.

திரும்பும் வழியில் போர்ட் ஒகஸ்ராவில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது மகள் அழைத்தாள். தொலைபேசி மனைவியின் கையில் இருந்தது, ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். "அம்மா, எப்படி இருந்தது? நிலத்துக்குக் கீழை படுக்கப் பயமா இருந்ததோ?" என்று சிரித்தபடி கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்த கல்லை எடுத்து ஒருமுறை வெளிச்சத்திற் திருப்பினார்.

"வீட்டை வந்து சொல்லுறன் பிள்ளை. கொஞ்சம் நீளமான கதை. நீ அண்டைக்கு வேலைக்குப் போகாமல் நில்."