எட்டுப் பள்ளிகள், ஒரே பாட்டு

ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'ஜூதத் தெரு' என்று சொன்னால் போதும். மறுகேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்பிவிடுவார். கோயம்புத்தூரிலிருந்து அதிகாலை ரயிலேறி வந்த பயணி மட்டாஞ்சேரியில் இறங்கியபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் கலந்த நெடி. ஒரு காலத்தில் யூதர்கள் குடியிருந்த வீடுகளில் இப்போது பழம்பொருள் கடைகள். வாசலில் காஷ்மீர் வியாபாரிகள் சால்வையை விரித்துக் காட்டுகிறார்கள். தெருவின் வடக்கு முனையில், 1760இல் கட்டிய மணிக்கூண்டு நிற்கிறது. அதன் ஒரு முகத்தில் மணியைக் காட்டுவது எபிரேய எழுத்துகள்.

மணிக்கூண்டுக்குப் பின்னால் பரதேசி யூதப் பள்ளி. பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர். கேரளத்தில் தொழும் இடம் எதுவானாலும் 'பள்ளி'தான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் அதே சொல். கட்டியது 1568இல். இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா. அவருடைய அரண்மனையும், அதைச் சேர்ந்த பழையன்னூர் பகவதி கோயிலும் பக்கத்திலேயே இருக்கின்றன. சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் பயணிகளை விடமாட்டார்கள். திறந்திருக்கும் மற்ற நாட்களில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம்.

வெறுங்காலோடு நடக்கும்போதுதான் தரை தெரிகிறது. சீனாவிலிருந்து 1762இல் வந்த நீல வெள்ளை ஓடுகள். எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் வரவழைத்தவை. எல்லாம் கையால் தீட்டியவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். குனிந்து பார்த்தால் ஒரு ஓட்டில் கிளை கொஞ்சம் வளைந்திருக்கிறது, அடுத்ததில் பூ பெரிதாகிவிடுகிறது, இன்னொன்றில் மை லேசாகக் கசிந்திருக்கிறது. மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. அதைத் 'தேபா' என்கிறார்கள். யூதர்களின் வேதமான தோராவை வாசிக்கும் இடம்.

தேபா இன்னொன்றும் உண்டு, மாடியில். ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் தோராவை மேலே கொண்டுபோய் அங்கிருந்து வாசிப்பார்கள். அதற்கு நேர் பின்னால் பெண்கள் அமரும் இடம். வேறு ஊர் யூதர்கள் பார்த்து வியந்த ஏற்பாடு இது. கேரளத்துப் பள்ளிகளுக்கே உரியது.

இந்தப் பள்ளியின் மிகப் பழைய சொத்து கட்டடமோ ஓடுகளோ அல்ல, செப்பேடு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்துகொண்டு ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்குக் கொடுத்தது. செப்பேட்டில் அவர் பெயர் 'இசுப்பு இரப்பான்'. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழி. அதனால் தமிழ்ப் பயணிக்கு அதன் சொற்கள் அந்நியமாகப் படவே இல்லை: பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, தோரணம். பகலில் விளக்கு ஏந்திப் போகலாம், நடைபாவாடை விரித்து நடக்கலாம், பல்லக்கில் ஏறலாம், குடை பிடிக்கலாம். இப்படி 72 உரிமைகள். கூடவே 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் தலைமை. அதே அஞ்சுவண்ணம் தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வருகிறது.

ஒரு சங்கதியை இங்கே கவனிக்க வேண்டும். செப்பேட்டை வைத்திருப்பவர்கள் பரதேசி யூதர்கள். அது எழுதப்பட்டு ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அவர்களுடைய முன்னோர் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் யூதர்களை விரட்டியடித்த காலம் அது. அங்கிருந்து சிலரும், பிறகு அலெப்போ, பாக்தாத், ஏமன் என்று பல திசைகளிலிருந்து சிலரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு இடம் கொடுக்க ஏற்கெனவே ஒரு யூதச் சமூகம் இங்கே இருந்தது. மலையாளம் பேசி, மிளகு வணிகம் செய்து, கொடுங்கல்லூர் வழியைத் தம் பூர்வீகமாகச் சொல்லிக்கொண்ட மலபார் யூதர்கள். 20ஆம் நூற்றாண்டில் கொச்சி நாட்டிலும் அக்கம்பக்கத்திலும் எட்டுப் பள்ளிகள் இருந்தன. மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பறவூர், சேந்தமங்கலம், மாள என்று ஒவ்வொன்று. அவற்றில் ஏழு மலபார் யூதர்களுடையவை. ஒன்றே ஒன்றுதான் பரதேசிகளுடையது. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு இன்று தெரிந்திருப்பதும் அந்த ஒன்றுதான்.

எட்டிலும் வழிபாடு ஒன்று. கொடுங்கல்லூருக்கு யூதர்கள் வைத்த பெயர் 'சிங்ஙிலி'; அந்தப் பெயரிலேயே வழங்கும் முறை. அதே பிரார்த்தனை, அதே மெட்டு, அதே உணவு விதிகள். ஆனால் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது கிடையாது. ஒருவர் இன்னொருவருடைய பள்ளியில் சம உறுப்பினர் ஆக முடியாது. வந்தவர்கள் 'வெள்ளை யூதர்', இருந்தவர்கள் 'கறுப்பு யூதர்' என்று ஐரோப்பியர்கள் எழுதிவைத்தார்கள். அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

இது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு ஒரு கடிதம் போனது. அங்கே இருந்த ரபி டேவிட் இபன் சிம்ரா அந்தக் காலத்தின் பெரிய சட்ட அறிஞர்களில் ஒருவர். பணக்காரச் சிறுபான்மையினர் மற்றவர்களை அடிமை வழி வந்தவர்கள் என்று சொல்லித் திருமண உறவு கொள்ள மறுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். சடங்கு முழுக்கு ஒன்று செய்துவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், மணமுடிக்கத் தடையில்லை என்று அவர் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்து சேர்ந்தது. தெரு மாறவில்லை. மதத்தின் சட்டம் ஒரு பக்கம் நிற்க, சாதிகள் அடுக்கிய ஊரின் வழக்கம் ஜெயித்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பரதேசிப் பள்ளிக்குள்ளேயே மூன்றாவது ஒரு பிரிவும் இருந்தது. 'மெஷுக்ரரிம்', அதாவது விடுதலை செய்யப்பட்டவர்கள். பரதேசி வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூதர்களாகி, விடுவிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியும். அதே பள்ளிக்கு வருவார்கள், அதே பிரார்த்தனையைச் சொல்வார்கள். பெஞ்சில் உட்காரக் கூடாது. தொழுகைக் கூடத்துக்கு முன்னால் இருக்கும் 'அசாரா' என்ற முன்னறையில், தரையிலோ படியிலோதான் அவர்களுக்கு இடம். செத்த பிறகும் தனி இடம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிலர் பிரிந்துபோய்த் தனித் தொழுகை நடத்திப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை.

அந்த முன்னறையில் இப்போது செருப்பு மாட்டுகிற கூட்டம். பயணி ஓர் ஓரமாக நின்று வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏ. பி. சேலம் உட்கார்ந்த இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சேலம் 1882இல் ஒரு மெஷுக்ரர் குடும்பத்தில் பிறந்தவர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, பிறகு சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடித்தவர். அவருடைய பிரிவில் முதல் பட்டதாரி. எர்ணாகுளத்தில் வக்கீல் தொழில், கொச்சி சட்டசபையில் உறுப்பினர், படகுத் தொழிலாளர்களுக்குச் சங்கம் என்று ஓய்வில்லாத வாழ்க்கை. 1929 லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போனார். சபையில் எழுந்து பேசுகிற அந்த மனிதருக்குத் தன் சொந்தப் பள்ளியில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது.

காலத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கொச்சிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வைக்கத்தில் 1924இல் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து போன பெரியார் அதில் சிறைப்பட்டார். அந்தக் காற்று வீசிய ஊரில்தான் சேலமும் காந்தி வழியைக் கையில் எடுத்தார். வழக்குப் போடத் தெரிந்த வக்கீல், வழக்குக்குப் போகவில்லை. பள்ளிக்குப் போனார். விலக்கப்பட்ட இடத்தில் தன் மக்களோடு உட்கார்ந்தார். வெளியேறவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. தொழுகை நாள்தோறும் அங்கே ஒரு கேள்வியாக உட்கார்ந்திருந்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது.

பல ஆண்டுகள் ஆயின. முதலில் பின்வரிசையில் பெஞ்சு கிடைத்தது. பிறகு தோரா வாசிக்கும் உரிமை. திருமணத்தடை மட்டும் இறுகியே இருந்தது. 1950இல் சேலத்தின் மகன் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது, அந்தக் கல்யாணம் மும்பையில்தான் நடந்தது. இத்தனைக்கும் பிறகு மலபார் யூதர்கள் இஸ்ரேலுக்குப் போக விரும்பியபோது, அவர்களுக்காக அங்கே போய்ப் பேசியவரும் இதே சேலம்தான். அவர்கள் தன் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அல்ல, தன் பிரிவும் அல்ல. மற்றவர்களை அனுப்பிவைத்துவிட்டுத் தான் மட்டாஞ்சேரியிலேயே தங்கி, 1967இல் இங்கேயே மறைந்தார். ஒற்றுமை என்ற சொல்லுக்கு இந்தத் தெருவில் ஒரு முகம் உண்டென்றால் அது அவருடைய முகம்தான் என்று பயணிக்குத் தோன்றியது.

ஆண்கள் பெஞ்சுக்காகப் பிணங்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில் பெண்கள் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். பாடிக்கொண்டிருந்தார்கள். கொச்சி யூதப் பெண்களிடம் கையெழுத்துப் பாட்டு நோட்டுகள் உண்டு. முழுக்க மலையாளம், இடையிடையே எபிரேயச் சொற்கள். கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, கிளியைப் பற்றிய பாட்டு, அவரவர் பள்ளி கட்டிய கதையைச் சொல்லும் பாட்டு. பாட்டிகளிடம் கேட்டுப் பேத்திகள் எழுதிக்கொண்டவை. ஆண்கள் இருக்கும் சபையில் பெண்கள் பாடக் கூடாது என்று பல ஊர் யூதர்கள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். கேரளத்தில் அப்படி இல்லை. பெண்கள் பாடினார்கள், ஆண்கள் கேட்டார்கள்.

பின்னாளில் ஆய்வாளர்கள் இந்த நோட்டுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார்கள். பரதேசி வீட்டு நோட்டில் உள்ள பாட்டு மலபார் வீட்டு நோட்டிலும் இருந்தது. மட்டாஞ்சேரிப் பாட்டு எர்ணாகுளத்திலும் பறவூரிலும் இருந்தது. சில இடத்தில் ஓர் அடி மாறியிருக்கும், ஒரு சொல் பாடம் பிறழ்ந்திருக்கும். பெண் கொடுக்காத வீட்டிலிருந்து பாட்டு மட்டும் போயிருக்கிறது.

எந்த வாசல் வழியாகப் போயிருக்கும்? கல்யாணம் பார்க்கப்போன பெண்கள் காதில் வாங்கி வந்திருக்கலாம். பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். இரவல் வாங்கி இரவோடு இரவாகப் பிரதி எடுத்திருக்கலாம். பயணி அந்தச் சின்னத் தெருவின் சன்னல்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு சன்னலில் பாடினால் எதிர்ச் சன்னலுக்குக் கேட்காமல் இருக்காது.

ரூபி டேனியல் இந்தத் தெருவில் 1912இல் பிறந்தவர். அவரும் மெஷுக்ரர் பிரிவுதான். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றினார். 1951இல் இஸ்ரேலுக்குப் போய் ஒரு கிப்புட்ஸில், அதாவது கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில், குடியேறினார். முதிய வயதில் அங்கே உட்கார்ந்துகொண்டு இந்த மலையாளப் பாட்டுகளை நினைவிலிருந்தும் நோட்டுகளிலிருந்தும் எடுத்து ஆங்கிலத்தில் ஆக்கினார். பார்பரா ஜான்சன் என்ற மானிடவியலாளரோடு சேர்ந்து 1995இல் தன் வாழ்க்கைக் கதையையும் வெளியிட்டார். ஒதுக்கப்பட்ட பிரிவில் பிறந்தவர் எல்லாப் பிரிவின் பாட்டையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மணிக்கூண்டிலிருந்து தெற்கே நடந்தால் தெருவின் மறுமுனை. கடைகள் குறைந்து, சுற்றுலாக் கூட்டமும் கரைந்துவிடுகிறது. அங்கேதான் மலபார் யூதர்களின் கடவும்பாகம் பள்ளி இருந்தது. 1950களில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுப் போன பிறகு கட்டடம் கிடங்கானது. உள்ளே இருந்த மர வேலைப்பாடு ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே ஒரு கூடமாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. கட்டடம் மட்டும் இங்கே மழையில் நனைந்தது. 2019 செப்டம்பரில் அதன் முன்பக்கம் இடிந்து விழுந்தது. தெருவின் ஒரு முனையில் 1968இல் பிரதமர் இந்திரா காந்தி வந்து நானூறாம் ஆண்டு விழா எடுத்த பள்ளி. மறுமுனையில் இது. நடந்தால் சில நிமிட தூரம். அந்தத் தூரத்தைப் பயணி மெதுவாகத்தான் கடந்தார்.

பரதேசிப் பள்ளியிலும் ஆள் இல்லை. கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூர் யூதர்கள் வந்தால்தான் பத்து நிரம்பும் என்ற நிலை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. எம்பிராய்டரிக் கடை வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்த சாரா கோஹன் பாட்டி 2019இல் 96 வயதில் காலமானார். இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்து நெவாடிம் போன்ற ஊர்களில் குடியேறியவர்களை அங்கே யாரும் வெள்ளை, கறுப்பு என்று பிரித்துக் கேட்கவில்லை. எல்லோருக்கும் 'கொச்சினிம்' என்ற ஒரே பெயர்தான். அவர்களிடையே பாட்டியர் சிலர் அந்த மலையாளப் பாட்டுகளை மேடையேறிப் பாடியிருக்கிறார்கள்.

மாலையில் படகேறி எர்ணாகுளம் திரும்பிய பயணி, ரயிலுக்கு நேரம் இருந்ததால் மார்க்கெட் ரோட்டுக்குப் போனார். அங்கே இன்னொரு கடவும்பாகம் பள்ளி. முன்னால் செடிக்கடை, வண்ண மீன்கள் விற்கும் கடை. தொட்டிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மாதிரி இடைவெளி. அதைத் தாண்டினால் கதவு. கதவுக்கு அப்பால் புதுப்பித்த கூடம்: தோராச் சுருள்களை வைக்கும், செதுக்கிப் பொன்வண்ணம் பூசிய பேழை, தொங்கும் கண்ணாடி விளக்குகள், சுவரோரம் பெஞ்சுகள், கீழே ஒரு தேபா, மேலே ஒரு தேபா. இங்கே கூட்டம் இல்லை, டிக்கெட் வரிசை இல்லை. பயணி மாடிப்படி ஏறிப் பெண்கள் உட்காரும் பகுதிக்குப் போனார். மரச்சட்டத்தின் இடைவெளியில் கண்ணை வைத்தால் மேல் தேபா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாசிப்பவரின் மூச்சுகூடக் கேட்டிருக்கும். இப்போது கேட்டது, கீழே மீன்தொட்டிகளுக்குக் காற்று ஏற்றும் மோட்டாரின் முனகலும், யாரோ வாளியைத் தரையில் வைக்கும் சத்தமும்.