செகண்ட் லைன் பீச்சில் ஒரு தட்டு அத்தோ

பாரிமுனைப் பக்கம் நாக்குக்கு ருசியாக எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் கைகாட்டுவார்கள். மின்ட் தெருவுக்குப் போ, காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சாப்பிட்டுவிட்டுப் பாதாம் பால் குடி என்பார் ஒருவர். ராத்திரி பசிக்கு என்.எஸ்.சி. போஸ் சாலை சீனா பாய் கடையின் நெய்ப்பொடி ஊத்தப்பம்தான் என்பார் இன்னொருவர். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கும் என் நண்பருக்கு இதிலெல்லாம் மரியாதை கிடையாது. "அதையெல்லாம் எழுதறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். நீ அத்தோ எப்படிப் பண்றாங்கன்னு பாரு. சாயங்காலம் கடைக்கு வராதே, மத்தியானம் கடைக்காரர் வீட்டுக்கே போவோம்" என்றார்.

அத்தோ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆரஞ்சு நிறத்தில் தடித்த கோதுமை நூடுல்ஸ். அதில் பச்சைக் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், பொரித்த வெங்காயம், தட்டை மாதிரி மொறுமொறுவென்றிருக்கும் பேஜோ எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். அடுப்பில் ஏற்றி வதக்குவதில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அதே நூடுல்ஸில் சூப்பை ஊற்றிக் கொடுத்தால் மொய்ங்கா. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால், செகண்ட் லைன் பீச் சாலையில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இந்த வண்டிகள் வரிசையாக நிற்கும்.

அத்தோ வண்டி போடும் பெரியவரின் வீடு வியாசர்பாடியில். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் குடியேறிய பகுதி அது. நாங்கள் போனபோது அவர் மனைவி அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். "மிஷின் வாங்கிட்டா சுலபமா இருக்காதாம்மா?" என்று கேட்டேன். "வாங்கி மூணு வருசமாச்சு தம்பி, பரண்ல கிடக்கு" என்றார். மிஷினில் அரிந்தால் ஒன்று தடிமனாகவும் ஒன்று மெலிசாகவும் விழுகிறதாம். மெலிசானது கருகும்போது தடிமனானது வேகாமல் கிடக்கும். கருகிய ஒரு பிடி மொத்த எண்ணெயையும் கசப்பாக்கிவிடும்.

அந்த எண்ணெய்தான் விஷயம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அரிந்த வெங்காயத்தை இதழ் இதழாக உதிர்த்து வெள்ளை வேட்டியில் பரப்பி ஈரம் போகவிடுகிறார்கள். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் பெரியவர் ஒரே ஒரு இதழைப் போட்டுப் பார்க்கிறார். அது உடனே சீறினால் தீயைக் குறைக்கிறார். அடியில் போய்ச் சோம்பேறித்தனமாக மேலே வந்தால் மொத்தத்தையும் போடுகிறார். அதற்கப்புறம் பேச்சு கிடையாது. நீளக் கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்கிறார். சட்டியில் நுரை நிறைந்து, அடங்கி, சலசலப்பு குறைகிறது. வெங்காயம் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. எனக்கென்றால் இன்னும் இரண்டு நிமிடம் விடலாம் என்று தோன்றியது. அவர் சட்டென்று சல்லடைக் கரண்டியால் அள்ளிப் பேப்பரில் கொட்டினார். பேப்பரில் கிடந்தபடியே அது பொன்னிறத்துக்கு வந்து, இன்னும் கொஞ்சம் சிவந்து நின்றது. "சட்டியிலயே சிவக்க விட்டா வெளிய வந்து கருப்பாயிடும். கண்ணை நம்பக்கூடாது, காதை நம்பணும். சத்தம் அடங்கினா எடுத்துடணும்." வெங்காய வாசம் ஏறிய அதே எண்ணெயில் நசுக்கிய பூண்டைப் போட்டு இறக்கி, அப்படியே பாத்திரத்தில் ஊற்றி வைக்கிறார். சாயங்காலம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கரண்டி அதிலிருந்துதான்.

நூடுல்ஸ் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டிலிருந்து வருகிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். மாவு பிசையும் மிஷினைப் பார்க்க எனக்கு ஆர்வமில்லை. சூப்புக்கு வாழைத்தண்டில் நார் எடுப்பதையும் அரைகுறையாகத்தான் கவனித்தேன். அந்த நேரத்தில் அவர் ரங்கூன் கதையை ஆரம்பித்துவிட்டிருந்தார்.

அவருடைய தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து பர்மாவுக்குப் போய் அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். அப்பா அங்கேயே பிறந்து, ரங்கூனில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்தார். 1962இல் நே வின் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் வியாபாரத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். "எங்கப்பா தகர டப்பாவுல சேர்த்து வெச்சிருந்ததெல்லாம் நூறு நூறாத்தான் இருந்துச்சாம்" என்றார். கப்பலேறும்போது இவருக்கு நாலு வயது. நினைவில் இருப்பது கப்பலின் இரும்பு வாசனையும் அம்மா அழுததும்தான். சென்னையில் இறங்கிய பிறகு அப்பாவுக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. அகதியாக வந்தவர்கள் பிழைப்பதற்கென்று 1969இல் பர்மா பஜார் அமைந்தபோதும் இவர்களுக்குக் கடை அமையவில்லை. அம்மா ரங்கூனில் பக்கத்து வீட்டு பர்மியப் பெண்ணிடம் கற்ற கைப்பக்குவத்தை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு பஜாருக்கு வெளியே உட்கார்ந்தார். முதலில் வாங்கிச் சாப்பிட்டது பஜாரில் கடை வைத்திருந்த பர்மாக்காரர்கள். ஊர்க்காரர்கள் கிட்டே வரப் பல வருடம் ஆனதாம்.

இங்கே கிடைக்கும் அத்தோவை ரங்கூனில் கொண்டுபோய் வைத்தால் அவர்கள் கொஞ்சம் முழிக்கக்கூடும். அங்கே மொய்ங்கா என்பது கெளுத்தி மீன் குழம்பை அரிசி நூடுல்ஸில் ஊற்றிச் சாப்பிடுவது. இங்கே மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் நின்றது; காரம் கூடிவிட்டது. என்னைக் கேட்டால், இது சென்னைச் சாப்பாடு. அவிச்ச முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் வைத்துக் கொடுக்கும் முட்டை மசாலாவை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர நிற்கும் கல்லூரிப் பையன்களிடம் பர்மா எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெருமுனையைத்தான் காட்டுவார்கள்.

இப்போது காசு விஷயம். நாளெல்லாம் இரண்டு பேர் உழைப்பு, ராத்திரி பத்தரை வரை நிற்பது. சாயங்காலம் வண்டியில் கூட்டம் அலைமோதுவதைப் பார்த்து நல்ல வருமானம் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு ஒரு பைக் வந்து நின்றது. இறங்காமலே கையை நீட்டினான் ஒருவன். பெரியவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்து நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். அவன் ஒரு சின்ன அட்டையில் கிறுக்கிவிட்டுப் போனான். தண்டல். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் கட்ட வேண்டும். மழை பெய்து வண்டி போடாத நாளும் கணக்கில் உண்டு. தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுகிறது. இதைத் தவிர 'பார்த்துக்கொள்கிறவர்களுக்கு' வாரப் படி. யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெருவோர வியாபாரிகளைக் காக்க 2014இலேயே சட்டம் வந்துவிட்டது. 2020இல் ஸ்வநிதி என்று ஒரு திட்டம். தொடங்கியபோது பிணை இல்லாமல் முதல் கடன் பத்தாயிரமாக இருந்தது, ஒழுங்காகக் கட்டினால் வட்டியில் மானியம். தண்டல்காரன் எழுதிக்கொள்ளும் அதே பத்தாயிரம்தான். "போனேன் தம்பி. இந்தக் காகிதம் இல்லை, அந்தக் காகிதம் இல்லைன்னு மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு மத்தியானம் போச்சு. மத்தியானம் போனா வெங்காயம் யார் பொரிக்கிறது?" தண்டல்காரன் காகிதம் கேட்பதில்லை, வண்டிக்கே வருகிறான். ஏழையிடம் அதிக வட்டி வாங்குகிறவன் அவனைத் தேடி வருவதும், குறைந்த வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் அவனை வரிசையில் நிற்க வைப்பதும் எந்த ஊர் நியாயம்?

வட்டி என்றதும் பர்மாவையே நினைக்க வேண்டியிருக்கிறது. 1930களில் நெல் விலை சரிந்து கடன் கட்ட முடியாமல் போன பர்மிய விவசாயிகளின் நிலம் நம் செட்டியார்கள் கைக்கு மாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் இருந்தது. இந்தியர்கள் மேல் பர்மியர்களுக்கு வந்த கோபத்தில் அந்த வட்டிக்கும் பங்குண்டு. மூட்டை தூக்கியவனின் குடும்பமும் அந்தக் கோபத்துக்குத் தப்பவில்லை. கடலைத் தாண்டி இங்கே வந்த பிறகு, அந்தக் குடும்பம் வட்டிக்காரனிடமே மாட்டிக்கொண்டிருக்கிறது.

பெரியவரின் மகன் உணவு டெலிவரி கம்பெனியின் சட்டை போட்டு பைக் ஓட்டுகிறான். வண்டிக்கு வர இஷ்டமில்லை. அப்பாவுக்கு அதில் வருத்தம் இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். "அவனுக்குக் காது பத்தாது" என்றார், வெங்காயத்தைப் பற்றித்தான்.

போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். எட்டுக்கு மேல் பேஜோ தீர்ந்துவிடும். காரம் குறைவாக வேண்டுமென்றால் பிசைவதற்கு முன்பே சொல்ல வேண்டும், பிறகு சொல்லிப் பயனில்லை. பெரியவர் வண்டியில் ஒரு தட்டு எழுபது ரூபாய். சூப் எத்தனை கிண்ணம் கேட்டாலும் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. சில்லறையாகக் கொண்டுபோனால் அவருக்கு உதவி.