ஆவாரைத் தோலும் கடற்காற்றும்

தோற்பைகளைப் பேணுவது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எண்ணெயிலிருந்தே தொடங்குவர். எந்த எண்ணெய், எத்தனை துளி, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதாக அப்பேச்சு நீளும். நாம் ஆவாரஞ்செடியிலிருந்து தொடங்க விரும்புகிறோம். வறண்ட மேட்டு நிலமெங்கும் தானே முளைத்து மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் அச்செடியைப் பொங்கற் காப்புக்கும் கைமருந்துக்கும் நினைவுகூர்வோமேயன்றி, அதன் பட்டையைப் பலரும் அறியார். தமிழ்நாட்டுத் தோலின் குணம் அப்பட்டையின் துவர்ப்பில்தான் இருக்கிறது.

சுண்ணாம்பிலிட்டு மயிர் களைந்த தோலை, ஆவாரம்பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடத்துவர். பிறகு கடுக்காய் நீரில் தோய்த்து, எண்ணெயிட்டு உலர்த்துவர். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது இதுவே. 2008இல் புவிசார் குறியீடும் பெற்றது. இம்முறையில் கடுக்காய்க்குத் தனி வேலை உண்டு. ஆவாரையில் மட்டும் பதப்பட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். கடுக்காய் அச்சிவப்பைத் தணிக்கும், முற்றிலும் தடுக்காது. ஆகவே, நனைந்த பையை மொட்டை மாடி வெயிலில் காயப்போடுவது அதற்கு நாம் இழைக்கும் முதற்கொடுமை.

பழைய நூலகங்களில் தோற்கட்டு நூலொன்றை எடுத்தவுடன் உள்ளங்கையில் செந்தூள் படிவதைக் கண்டிருப்பீர்கள். அது தூசியன்று, தோலே பொடியாகி உதிர்வது. நூற்கட்டுத் தோல்கள் இவ்வாறு மடிவதேன் என்று லண்டனில் கலைச் சங்கம் அமைத்த குழுவொன்று ஆராய்ந்து 1901இல் அறிக்கை தந்தது. இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோல் நெடுநாள் தாங்காது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. நம் ஆவாரைக்குக் கிடைத்த அந்தச் சான்றிதழ் நமக்கு மகிழ்ச்சி தரவில்லைதான், ஆனால் உண்மை. அந்நிலை எய்திய தோலை எந்த எண்ணெயும் மீட்காது.

குரோம் உப்பில் பதனிட்ட தோலின் இயல்பு வேறு. நம் மாவட்டத்துக் குரோம்பேட்டையின் பெயரே அத்தொழிலால் வந்தது. குரோம் லெதர் கம்பெனி அங்கிருந்தது. (செங்கற்பட்டு தனி மாவட்டமானது 2019இல்.) வாரக்கணக்கான வேலை ஓரிரு நாளில் முடிந்தது; அதற்கான விலையைச் சுற்றுவட்டாரத்து நிலத்தடி நீர் கொடுத்தது. பையின் வெட்டு விளிம்பைப் பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு புலப்படும். உட்புறம் நீலச் சாம்பல் ஓடினால் குரோம். முழுதும் பழுப்பாயிருந்தால் பட்டைத்தோல். எதை வைத்திருக்கிறோம் என்றறியாமல் பேணுவதெப்படி?

நம்மிடமிருப்பது பட்டைத்தோல், தந்தையார் பள்ளிக்குத் தூக்கிச் சென்ற தோள்பை. மாமல்லபுரத்துக்கருகே குடியிருந்துகொண்டு செங்கற்பட்டில் பாடஞ்சொல்லும் நம்முடன் அது நாள்தோறும் பேருந்தேறுகிறது. ஐப்பசி பிறந்ததும் பூஞ்சைக்கும் நமக்குமான போர் தொடங்கிவிடும். கடற்காற்றிலுள்ள உப்பு தோலில் படிந்து, காற்றின் ஈரத்தைத் தன்பால் இழுத்து வைத்துக்கொள்கிறது. அதன் மேல் எண்ணெய் பூசுவது உப்பைப் பூட்டி வைப்பதாகும். முதலில், நன்கு பிழிந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். நிழலில், காற்றோட்டத்தில் உலர வேண்டும். வடிவம் குலையாதிருக்க உள்ளே வெள்ளைத்தாள் திணிக்கலாம். (செய்தித்தாளின் மை ஒட்டும். திருத்தி முடித்த பழைய விடைத்தாள்கள் நம்மிடம் பஞ்சமின்றிக் கிடைக்கின்றன, மாணவர் பொறுப்பாராக.) முற்றிலும் உலர்ந்த பின் சிறிதளவு எண்ணெய், அதுவும் ஆண்டுக்கு இரண்டொரு முறை போதும். பிளாஸ்டிக் உறை கூடவே கூடாது. பருத்தித் துணியில் சுற்றி வைக்கவேண்டும்.

மற்றொரு பகை இரும்பு. ஈரமான பட்டைத்தோலில் துருப்பிடித்த சாவியோ குண்டூசியோ கிடந்தால் கருநீலக் கறை விழும், பிறகு போகாது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சிய அதே வேதியியல்தான் இது. எழுத்துக்கு உதவிய சேர்க்கை பைக்கு ஆகவில்லை.

இவற்றுள் பலவற்றை நாம் கற்றது நூலிலிருந்தன்று, செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தருகே செருப்பும் குடையும் தைக்கும் பெரியவரிடமிருந்து. பையை முகர்ந்து, விளிம்பை நகத்தால் கீறி, “பட்டைத்தோல் டீச்சரம்மா, வெயில்ல போட்டுடாதீங்க” என்றார். அன்னபேதி என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை. “இரும்பு பட்டா கறுத்துடும்” என்றார், அவ்வளவே.

சங்க நூல்களில் செருப்புக்குத் ‘தொடுதோல்’ என்றும், தோலுக்கு ‘அதள்’ என்றும் வரும் சொற்களை வகுப்பில் நாம் பொருள்கூறி நடத்துகிறோம். தோல் தொழிலாளர் வாழ்வை எழுதிய டி. செல்வராஜின் ‘தோல்’ புதினம் 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது வகுப்பில் அதையும் பேசினோம். ஆனால் தந்தையாரின் பை எங்கள் வீட்டில் நடுக்கூடத்து ஆணியில் தொங்கிற்று. அதைப் பழுதுபார்க்க வந்தவர் தெருவிலேயே நின்றார், கூலியும் தெருவிலேயே வைக்கப்பட்டது. கன்றின் தோல் கூடம் வரை வரலாம், அதைத் தைத்த கை வரலாகாது என்ற கணக்கு அன்று யாருக்கும் விந்தையாகத் தோன்றவில்லை. மத்தளம் கோயிலுக்குள் ஒலிக்க, அதற்குத் தோல் தந்தவர் வெளியே நின்ற ஊர்தானே இது.

சென்ற திங்கள் பையின் வார் அறுந்தது. ஒட்டுப்பசை போதாதா என்று கேட்டோம். “பசை ஒரு மழைக்குத் தாங்கும்மா” என்று சொல்லி, நூலில் மெழுகேற்றி, பழைய துளைகளிலேயே மீண்டும் தைத்தார். புதுத்துளை போட்டால் தோல் கிழியுமாம். இரும்பு வளையத்தைக் கழற்றிவிட்டுப் பித்தளையில் ஒன்று மாட்டினார். மற்ற வாரும் நைந்திருப்பதால், மழைக்காலம் கழிந்து தை பிறந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.